குழந்தைகளின் கீல்வாதமும் தாடையும்

கீல்வாதம் முதியோர்க்கே உரிய வியாதி என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றி நிற்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்னும் வைத்தியர், இவ்வியாதியால் பீடிக்கப்பட்ட 22 சிறுவர்களின் நிலையை 1897ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார்!

முழங்கால் வீங்கினால் பெற்றோர் பதறுகின்றனர். காதின் முன்புறமுள்ள தாடை மூட்டை நோக்குவோர் சிலரே. அது வெளிப்பட வீங்குவது அரிது. பல குழந்தைகளுக்கு வலியும் தோன்றுவதில்லை. ஆனால் கீழ்த்தாடை எலும்பு வளருமிடம் அம்மூட்டின் மேற்பரப்பை ஒட்டியே இருத்தலால், அழற்சி அவ்வளர்ச்சியையே குன்றச் செய்கிறது. ஒருபுறம் பாதிக்கப்பட்டால் முகவாய் அப்பக்கமாய்க் கோணும். இருபுறமும் பாதிக்கப்பட்டால் தாடை சிறுத்துப் பின்வாங்கி, முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமற் போவதுமுண்டு. இதை விதியென்று கூறி வாளாவிருத்தல் அறிவீனமென்றே நாம் சொல்லுவோம். மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளும், தாடை வளர்ச்சியை வழிப்படுத்தும் பற்கருவிகளும் இன்று உள. காலத்தில் கண்டாலன்றி அவற்றால் பயன் குறைவே.

வாயை அகலத் திறக்கச் சொல்லி, முகவாய் ஒருபுறம் சாய்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும், செலவொன்றுமில்லை. ஐயம் தோன்றின் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாம். கீல்வாதமுள்ள குழந்தைகள் வரும்போதெல்லாம் இச்சோதனையைச் செய்யுமாறு ஆஸ்பத்திரிகளுக்குச் சர்க்கார் உத்தரவிடத் தடை யாது? சட்டசபையில் நம் பிரதிநிதிகள் இக்கேள்வியைக் கிளப்புவார்களாக.