யாருக்குப் பதில் சொல்வது?

தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் தலைமைச் செயல் அதிகாரி மாறும்போதெல்லாம், புதிதாக வந்தவரை முன்னவரின் அருகில் நிறுத்தி உயரம் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. 2011-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பொறுப்பை ஸ்டீவ் ஜாப்ஸிடமிருந்து டிம் குக் ஏற்றபோது அமெரிக்கப் பத்திரிகைகள் நடத்திய பட்டிமன்றம், 2018 ஜனவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பொறுப்பை சலீல் பரேக் ஏற்றபோது இங்கேயும் அரங்கேறியது. விஷால் சிக்காவிடம் இருந்த பேச்சு இவரிடம் இல்லை, கனவு இல்லை, மேடையில் ஈர்ப்பு இல்லை என்றார்கள். ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால், அந்த ஒப்பீட்டின் ஆரவாரத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலேயே போய்விட்டது.

விஷால் சிக்கா சாதாரணமானவர் அல்லர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனத்தில் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தவர். 1981-இல் ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய இன்ஃபோசிஸுக்கு, நிறுவனர்களில் ஒருவராக அல்லாதவர் தலைமை ஏற்றது 2014 ஆகஸ்டில் அவர் வந்தபோதுதான் முதல் முறை. ஆண்டு வருவாயை 2020-க்குள் 2,000 கோடி டாலராக உயர்த்துவேன் என்று அறிவித்தார். 2017 ஜூலையில் காலாண்டு முடிவுகளை வெளியிடும் செய்தியாளர் கூட்டத்துக்கு, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் சிறு வண்டியில் வந்து இறங்கினார். அடுத்த மாதமே பதவி விலகினார் என்பது வேறு விஷயம்.

அவரது கவர்ச்சியை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015 டிசம்பரில் ஓபன்ஏஐ அமைப்பு தொடங்கப்பட்டபோது, அதற்கு நன்கொடை அளிக்க முன்வந்தோரின் பட்டியலில் எலான் மஸ்க், பீட்டர் தீல் ஆகியோருடன் இன்ஃபோசிஸின் பெயரும் இருந்தது. சாட்ஜிபிடி வெளிவந்து உலகமே அதைப் பற்றிப் பேசியது 2022 இறுதியில். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திசையைப் பார்த்தவரைத் தொலைநோக்கு இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

அதே நேரத்தில் கணக்கையும் பார்க்க வேண்டும். சிக்கா குறித்த 2,000 கோடி டாலர் இலக்குக்கான கெடு முடிந்த 2019-20 நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் 1,278 கோடி டாலர்தான். அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் கடந்து, 2024-25-இல் அது 1,928 கோடி டாலரைத் தொட்டது. அந்தத் தொகைக்கு நிறுவனத்தைக் கொண்டு சென்றவர், 'கனவு இல்லாதவர்' என்று கூறப்பட்ட பரேக். கரோனா காலத்தில் உலகெங்கும் பெருகிய கணினிப் பணிகள் அவருக்குக் கைகொடுத்தன என்பது உண்மை. இலக்கு அறிவித்துக் கைதட்டல் வாங்காமல் வேலையைப் பார்த்தார் என்பதும் உண்மை. இந்த அளவில் பார்த்தால் பட்டிமன்றத் தீர்ப்பு எளிது. நாம் கேட்க விரும்புவது அதுவல்ல.

சிக்கா ஏன் போனார்? இஸ்ரேலிய நிறுவனமான பனாயாவை 2015-இல் 20 கோடி டாலருக்கு வாங்கியதிலும், விலகிச் சென்ற நிதித் தலைவருக்கு 17.38 கோடி ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டதிலும் கேள்விகள் எழுந்தன. கேட்டவர் நிறுவனர் நாராயண மூர்த்தி. அவரது குடும்பத்தின் கைவசம் இருந்த பங்கு 3.44 சதவீதம் மட்டுமே. இயக்குநர் குழுவில் இடமும் இல்லை. கடிதங்களும் பேட்டிகளுமாக விவகாரம் வீதிக்கு வந்தது. 2017 ஆகஸ்ட் 18-இல் சிக்கா விலகினார். அன்று ஒரே நாளில் இன்ஃபோசிஸ் பங்கின் விலை ஏறத்தாழ 10 சதவீதம் சரிந்தது. இயக்குநர் குழு வெளிப்படையாகவே மூர்த்தியின் மீது பழி சுமத்தியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தக் குழுவின் தலைவர் சேஷசாயியே வெளியேற, இன்னொரு நிறுவனரான நந்தன் நிலகேணி தலைவராகத் திரும்பி வந்தார்.

மூர்த்தி கேட்ட கேள்விகள் எல்லாம் அநாவசியமானவை என்று நாம் கருதவில்லை. இழப்பீட்டில் 5 கோடி ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியை நிறுவனமே நிறுத்தி வைத்ததும், 2018-இல் நடுவர் தீர்ப்பாயம் தலையிட்டு 12.17 கோடி ரூபாயை வட்டியுடன் தரச் சொன்னதும், முதலில் எடுத்த முடிவு ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்பதையே காட்டுகின்றன. ஆனால், பனாயா விவகாரத்தில் நிலகேணி தலைமையிலான புதிய குழுவும் 2017 அக்டோபரில், தவறு ஏதும் நடக்கவில்லை என்ற பழைய முடிவையே உறுதி செய்தது. விசாரணை அறிக்கை முழுமையாக வெளியிடப்படவில்லை. ஒரு தலைமைச் செயல் அதிகாரி போய், ஒரு இயக்குநர் குழுத் தலைவரும் போய், பங்குதாரர்கள் பல ஆயிரம் கோடி ரூபாயை இழந்த பிறகும், நடந்தது என்ன என்பதை முழுமையாக அறிந்தவர்கள் அந்த அறைக்குள் இருந்தவர்கள் மட்டுமே.

கவர்ச்சிக்கும் பொறுப்புக்கும் உள்ள தூரத்தைத் தில்லி 2021-இல் நேரிலேயே பார்த்தது. வருமான வரிக் கணக்கைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாள்களிலிருந்து ஒரே நாளாகக் குறைக்கும் என்ற உறுதியுடன், 4,242 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2019 ஜனவரியில் ஒப்புதல் அளித்திருந்தது. 2021 ஜூன் 7-இல் புதிய இணையதளம் திறக்கப்பட்டது. திறந்த நாளிலிருந்தே தடுமாறியது. மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் முறையிட்டது யாரிடம்? நிறுவனத்தின் பெயரோடு அவர் குறிப்பிட்டது நிலகேணியின் பெயரை. ஆதார் திட்டத்தின் சிற்பி என்று நாடறிந்தவர் அவர் அல்லவா! பரேக் அப்போது பதவிக்கு வந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு ஜூலையில், நிறுவனத்துக்கு அதுவரை 164.5 கோடி ரூபாய் வழங்கப்பட்டுள்ளதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஆகஸ்டில் இரண்டு நாள் தளமே முடங்கியபோது, 23-ஆம் தேதி நிதியமைச்சகத்துக்கு விளக்கம் அளிக்க அழைக்கப்பட்டவர் பரேக்.

நாயகரைப் பார்த்து நம்பிக்கை வைப்பதும், நெருக்கடியில் அதிகாரியைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்வதும் அமைச்சகங்களின் வழக்கமாகிவிட்டன. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் என்ன, தாமதத்துக்கு அபராதம் என்ன என்ற கேள்விகளுக்கு இரண்டுக்கும் நடுவில் இடமே இருப்பதில்லை.

நாயகர்களை நம்பியதன் விலையை இந்த நாடு ஒரு முறை கொடுத்திருக்கிறது. ஹைதராபாதின் சத்யம் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் முன்னாள் அமைச்சரவைச் செயலர் ஒருவரும், வெளிநாட்டுப் பேராசிரியரும் அமர்ந்திருந்தனர். தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திய மேடாஸ் நிறுவனங்களை வாங்க 2008 டிசம்பரில் அந்தக் குழு ஒப்புதல் அளித்தது. மூன்று வாரங்கள் கழித்து, 2009 ஜனவரி 7-இல், கணக்குகள் பொய் என்று ராஜுவே கடிதம் எழுதினார். கேள்வி கேட்க வேண்டியவர்கள் தலைவரின் புகழில் மயங்கிக் கிடந்தனர். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் இருக்க வேண்டும், முறைகேடுகளைப் புகார் செய்வோருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் விதித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

சட்டம் இருந்தும், 2019 செப்டம்பரில் பரேக்கின் மீதே பெயர் குறிப்பிடாத ஊழியர்கள் கணக்கு முறைகேட்டுப் புகார் அனுப்பியபோது என்ன நடந்தது? அக்டோபரில் ஊடகங்களில் செய்தி வந்த பிறகுதான் பங்குதாரர்களுக்கு அது தெரிந்தது. பங்கு விலை ஒரே நாளில் 16 சதவீதம் விழுந்தது. முன்கூட்டியே ஏன் தெரிவிக்கவில்லை என்று மும்பை பங்குச் சந்தை விளக்கம் கேட்டது. 2020 ஜனவரியில் தணிக்கைக் குழுவின் விசாரணை, புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடிந்தது. பரேக் நிரபராதி என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால், கவர்ச்சியான சிக்கா காலத்திலும் அமைதியான பரேக் காலத்திலும் இயக்குநர் குழுவின் கதவு ஒரே மாதிரி மூடியே இருந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இதை ஒரு தனியார் நிறுவனத்தின் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாமா? இன்ஃபோசிஸின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று எல்ஐசி. அதில் இருப்பது சாமானியர்களின் காப்பீட்டுப் பணம். ஊழியர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில், தேர்வில் தேறவில்லை என்று கூறி 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். மூன்று முறை வாய்ப்பு அளித்தோம் என்றது நிறுவனம். வேலைக்கான உத்தரவு கிடைத்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இதை விசாரிக்குமாறு கர்நாடக அரசைக் கேட்க மத்திய தொழிலாளர் அமைச்சகம் தலையிட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்குத் தலைமை அதிகாரி மேடையில் நன்றாகப் பேசுகிறாரா என்பது ஒரு பொருட்டா?

நிறுவனத்தின் தலைவர் பதவியும் செயல் அதிகாரி பதவியும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்று உதய் கோட்டக் குழு 2017-இல் பரிந்துரைத்தது. முன்னணி 500 நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கப் புறப்பட்ட செபி, காலக்கெடுவைத் தள்ளிப்போட்டு, 2022 பிப்ரவரியில் 'விரும்பினால் பின்பற்றலாம்' என்று தளர்த்திவிட்டது. அந்த விதி மீண்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இன்ஃபோசிஸில் இரு பதவிகளும் பிரிந்தே இருந்தும் 2017 நிகழ்ந்தது என்பதால், அது மட்டும் போதாது. தலைமை அதிகாரிகள் மீதான புகார்களைக் குறித்த நாள்களுக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிப்பதும், விசாரணை அறிக்கையைப் பங்குதாரர்கள் முன் வைப்பதும் விதியாக வேண்டும்.

பரேக்கின் பதவிக்காலம் 2022-இல் நீட்டிக்கப்பட்டபோது, 2027 மார்ச் 31 வரை என்று குறிக்கப்பட்டது. அவருக்குப் பின் வருபவரையும் அவரோடு ஒப்பிட்டு இன்னொரு பட்டிமன்றம் நடக்கத்தான் போகிறது. செபி அதற்குள் இந்த விதியைக் கொண்டுவர வேண்டும். பனாயா அறிக்கையிலிருந்தே தொடங்கலாம்.