எமலோகத்துத் துப்பறிவாளன்

'மாங்கா' என்ற சொல் காதில் விழுந்ததும் உப்பும் மிளகாய்ப் பொடியும் நினைவுக்கு வந்து உங்கள் நாக்கில் நீர் ஊறினால், அது உங்கள் குற்றமல்ல. எனக்கும் அப்படித்தான் ஊறியது. போன மாதம் என் அக்காள் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "ஏண்டி, ராத்திரி பகல் இவனுக்கு மாங்காதான் கதி. நீயாவது கேட்கக் கூடாதா?" என்றாள். பையனுக்குப் பல் கூசப் போகிறதே என்றுதான் முதலில் கவலைப்பட்டேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஜப்பானியர் தங்கள் சித்திரக் கதைகளுக்கு வைத்திருக்கும் பெயர் அது. பையன் கையில் இருந்தது இங்கிலீஷில் மொழிபெயர்த்த பிரதி. அட்டையைப் பார்த்தால் பேய், பிசாசு, தலைமயிர் குத்திட்டு நிற்கும் ஒரு போக்கிரிப் பையன்! "பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கிற புத்தகமா இது? அதுவும் இந்த வருஷம், வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும்போது?" என்று அக்காள் குரல் தழுதழுத்தது. நானும் பெரிய மனுஷியாகப் புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிட்டேன்.

பறிமுதல் செய்ததைப் படிக்காமல் இருக்க முடியுமா? அது நம் தொழிலுக்கே அடுக்காது. இரவு ஒன்பது மணிக்கு எடுத்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வலமிருந்து இடமாக, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிக்க வேண்டுமாம்! அந்தச் சூட்சுமம் பிடிபட்ட பிறகு மணி ஒன்றரை ஆனது தெரியவில்லை.

கதையின் பெயர் 'யூ யூ ஹாகுஷோ'. யோஷிஹிரோ தொகாஷி என்ற சித்திரக்காரர் எழுதி வரைந்தது. 'ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் 1990-ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து 1994 வரை தொடராக வந்து 19 பாகங்களாயிற்று. கதாநாயகன் யூஸுகே பதினாலு வயதுப் பள்ளிக்கூடத்துப் பையன். ஊர்ச் சண்டையெல்லாம் அவன் தலையில்தான் விடியும். அப்படிப்பட்டவன், பந்தைத் துரத்திக்கொண்டு வீதிக்கு ஓடிய ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டுத் தான் காரில் அடிபட்டுச் சாகிறான். கதாநாயகன் செத்துப் போவது முதல் அத்தியாயத்திலேயே! நம் தொடர்கதை ஆசிரியர்கள் யாருக்காவது இந்தத் துணிச்சல் உண்டா, சொல்லுங்கள்.

செத்தவன் முன்னால் துடுப்பு ஒன்றின் மேல் சவாரி செய்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். கிமோனோ உடுத்தி, வாய் நிறையச் சிரிப்போடு வரும் இவள்தான் எமதூதி. "நீ இப்படி ஒரு நல்ல காரியம் செய்வாய் என்று மேலுலகத்தில் யாருமே எதிர்பார்க்கவில்லை, உனக்குச் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை" என்கிற மாதிரி அவள் சமாசாரம் சொல்கிறாள். இடமில்லை என்று சொல்கிற உத்தியோகஸ்தர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் போலிருக்கிறது. அவளுடைய எஜமானர் யார் தெரியுமா? வாயில் ரப்பர் சூப்பானை வைத்துக்கொண்டு, பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதங்களில் முத்திரை குத்தும் ஒரு பொடியன்! கோஎன்மா என்று பெயர்.

இந்தப் பெயரில்தான் நமக்கு ஒரு உறவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'என்மா' என்று ஜப்பானியர் சொல்வது வேறு யாரையும் அல்ல, நம்முடைய எமதர்மராஜனையேதான். பௌத்த மதத்தோடு யமன் சீனாவுக்குப் போனார். அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பானுக்கும் போய்விட்டார். போகிற வழியில் எருமையை எங்கே விட்டாரோ, அங்கே அவர் பெரிய தொப்பி வைத்த நீதிபதியாகக் கச்சேரி நடத்துகிறார். பக்கத்தில் கணக்குப் புத்தகம்; செத்தவன் செய்ததையெல்லாம் காட்டும் கண்ணாடி. பொய் சொன்னால் நாக்கைப் பிடுங்குவார் என்று ஜப்பானியத் தாய்மார்கள் பிள்ளைகளை மிரட்டுவார்களாம். 'கோ' என்றால் சின்ன. ஆகவே சூப்பான் பொடியன், குட்டி எமன்.

கச்சேரி என்று ஒன்று இருந்தால் துப்பறிகிறவன் ஒருவன் வேண்டாமா? யூஸுகேக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்து அந்த உத்தியோகத்தையும் கொடுக்கிறார்கள். ஆயுதம் அவனுடைய ஆள்காட்டி விரல்தான். அதை நீட்டினால் ஆவிச் சக்தி குண்டாகப் பாயும். ஆரம்பத்தில் நாளைக்கு ஒரே ஒரு குண்டுதான்! சிக்கனம் தெரிந்த எழுத்தாளர்.

துப்பறியும் கதை நமக்குப் புதிதல்ல. கொலை நடக்கும், கையெழுத்து அகப்படும், கடைசியில் சமையற்காரன் மாட்டிக்கொள்வான். 'யார் செய்தது?' என்பது தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவோம். ஆவிகளிடம் துப்பறிகிறவனுக்கு அந்தக் கேள்வி உதவாது. செத்தவரே எதிரே நிற்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார்! அவன் கண்டுபிடிக்க வேண்டியது, இந்த ஆவி ஏன் இன்னும் போகவில்லை, இதற்கு என்ன குறை என்பதைத்தான். அதை எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். எமலோகத்துப் பொக்கிஷங்கள் மூன்று திருட்டுப் போகின்றன. அவற்றில் ஒன்று மாயக் கண்ணாடி. பௌர்ணமி இரவில் வேண்டியதைக் கொடுக்கும். வேண்டியவன் உயிரை விலையாக வாங்கிக்கொள்ளும். திருடியவன் குராமா. அவன் ஆதியில் ஒரு நரி ஆவி. தப்பி ஓடும்போது ஒரு மானிட ஸ்திரீயின் வயிற்றுக் கருவில் புகுந்து மகனாகப் பிறந்துவிட்டான். அந்தத் தாய் ஒன்றும் அறியாமல் பதினைந்து வருஷம் வளர்த்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்கத் தன் உயிரைக் கொடுக்கத்தான் திருடன் கண்ணாடியைத் திருடியிருக்கிறான்! துப்பறிய வந்த யூஸுகே என்ன செய்கிறான் என்கிறீர்கள்? கைது செய்யவில்லை. குறுக்கே பாய்ந்து, "இவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள்" என்று கண்ணாடியிடம் கேட்கிறான். பிள்ளையை இழந்து ஒரு தாய் அழுவதை அவன் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அழுதது அவனுடைய தாய்தான், அவனுடைய சாவு வீட்டில்தான். கண்ணாடி ஒருவர் உயிரையும் எடுக்காமலே வரம் கொடுத்துவிடுகிறது.

அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில பாகங்களுக்குப் பிறகு துப்பறிவது போய், பந்தயம் வைத்துச் சண்டை, மேலும் சண்டை, அதற்கு மேலும் சண்டை! அந்தப் பத்திரிகைக்கு வாசகர்கள் தபால் கார்டில் வோட்டுப் போடுவார்களாம். வோட்டுக் குறைந்தால் கதைக்கு ஆயுள் குறையும். பையன்களுக்குச் சண்டைதான் பிடித்தது போலும். வாரா வாரம் வரைந்து வரைந்து சித்திரக்காரரின் உடம்பு இற்றுப்போய், 1994-இல் தானாகவே கதையை முடித்துக்கொண்டார். வாரப் பத்திரிகையில் வேலை செய்கிற எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

இந்த ஜாதிக் கதைகளுக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான். 'கிடாரோ' என்ற ஒற்றைக் கண் சிறுவன். சைக்கிளில் வந்து மிட்டாய் விற்றுக்கொண்டே அட்டைப் படங்களைக் காட்டிக் கதை சொல்லும் வித்தைக்காரர்கள் ஜப்பானில் இருந்தார்கள். 1930-களில் அவர்களிடம் பிறந்தவன் இவன். அவனை எடுத்து வளர்த்துப் பிரபலப்படுத்தியவர் ஷிகேரு மிஸுகி. 1960-இல் வாடகைப் புத்தகங்களில், 1965-இல் வாரப் பத்திரிகையில், 1968-இல் டெலிவிஷனில் என்று கிடாரோ ஏறிக்கொண்டே போனான். மிஸுகி இரண்டாவது உலக யுத்தத்தில் நியூ பிரிட்டன் தீவில் இடது கையை இழந்தவர். மிஞ்சிய ஒரு கையால் வரைந்து, 2015-இல் 93 வயதில் காலமானார். 1961-இல் பெண் பார்த்த ஐந்தாம் நாளே கல்யாணம்! வந்த மனைவி கண்டது வறுமையைத்தான். அந்த அம்மாள் பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத, அது 2010-இல் ஜப்பானியக் குடும்பங்கள் காலையில் பார்க்கும் டெலிவிஷன் தொடராயிற்று. பேய்க் கதை எழுதியவரைவிட அவருக்குச் சோறு போட்டவளின் கதைதான் எனக்குப் பிடிக்கிறது. அதைப் பற்றி இன்னொரு வாரம்.

கிடாரோ பிறந்தது இடுகாட்டில். புதைக்கப்பட்ட தாயின் சமாதியிலிருந்து தானே தவழ்ந்து வெளியே வந்தவன். தகப்பனின் உடம்பு அழிந்துவிட்டது. ஆனால் பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் ஒரு கண் மட்டும் மிஞ்சிவிட்டது! அந்தக் கண்ணுக்குக் கை கால் முளைத்து, அது மகனுடைய தலைமயிருக்குள் உட்கார்ந்து புத்தி சொல்லிக்கொண்டே போகிறது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினால் சுகமாக ஸ்நானம் செய்யும். கிடாரோ போட்டிருக்கும் கையில்லாத சட்டை முன்னோர்களின் மயிரால் நெய்தது. ஆபத்தில் அதுவே அவனைக் காக்கும். பேய்த் தொல்லை உள்ளவர்கள் அவனுடைய தபால் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டால் போதும், மரச் செருப்பு சத்தத்தோடு வந்துவிடுவான். அவன் சந்திக்கும் பேய்களில் பல ஜப்பானியப் பாட்டிமார் காலங்காலமாகச் சொல்லி வந்தவை. குளிக்கும் அறையைக் கழுவாமல் விட்டால் இரவில் வந்து அழுக்கை நக்குகிற பேய்கூட உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தால் அதற்கு விருந்துதான்.

இனி என் அக்காள் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்று கேட்டேன். சண்டைப் பக்கத்தைக் காட்டுவான் என்று நினைத்தேன். அவன் முதல் பாகத்தைப் பிரித்தான். யூஸுகேயின் சாவு வீடு. வாத்தியார் வருகிறார், கூடப் படித்த பெண் அழுகிறாள், எந்நேரமும் சண்டைக்கு நின்ற எதிரிப் பையன், 'இனிமேல் நான் யாரோடு சண்டை போடுவது!' என்று கதறுகிறான். காப்பாற்றப்பட்ட குழந்தை சாவென்றால் என்னவென்று தெரியாமல் தாயோடு வந்து நிற்கிறது. செத்தவன் மேலே மிதந்துகொண்டு இதையெல்லாம் பார்க்கிறான். தன்னை இத்தனை பேர் தேடுவார்கள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

"பாட்டியும் இப்படித்தான் அன்னிக்கு எல்லாரையும் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்களா, சித்தி?"

பாட்டி என்று அவன் சொன்னது எங்கள் அம்மாவை. தை மாதம் போனாள்.

"இருந்திருப்பாங்க" என்றேன்.

"நான் மட்டும் இல்லியே. எங்கே காணோம்னு தேடியிருப்பாங்க இல்லே?"

சின்னப் பிள்ளை பார்த்துப் பயந்துவிடுவான் என்று அன்று காலையிலேயே அவனைப் பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எல்லாம் முடிந்து மாலையில்தான் அழைத்து வந்தோம். அனுப்பச் சொன்னது அக்காள் அல்ல, நான்.

என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அவனுக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அம்மா அவனைப் பற்றிக் கடைசி வாரத்தில் என்னென்ன சொன்னாள் என்று கேட்டான். ஞாபகம் இருந்தவரை சொன்னேன். பரீட்சை எப்போது என்று இரண்டு தடவை விசாரித்தது, அவனுடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பெரிதாகப் பின்ன வேண்டும் என்றது, எல்லாம். அவன் குறுக்குக் கேள்வி கேட்டான். எந்தக் கிழமை, அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள், பாட்டி சிரித்தாளா என்று ஒன்றையும் விடவில்லை.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்காளிடமும் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். மூன்று வாரம் ஆகிறது. பையன் கேட்டால், "இன்னும் முடிக்கலைடா, இரு" என்கிறாளாம்.