தையலுக்குக் கூலி சரி, நேர்த்திக்கு?

கையால தைச்ச போர்வைக்கு இப்ப நகரத்துல ஒரு மவுசுங்க. பழைய நூல் சேலைகளைச் சதுரம் சதுரமா வெட்டி மூட்டி, அது மேல சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போட்ட போர்வை. 'குவில்ட்'னு பேரு வெச்சு விக்கிறாங்க. வாங்குறவங்க தையலை விரலால தடவிப் பார்த்து, "எவ்வளவு பொறுமை!"ன்னு மெச்சிக்கிறாங்க. சந்தோசம். ஆனா அந்தப் பொறுமை தையல்ல ஆரம்பிக்கிறது இல்லைங்க. அதுக்கு முன்னாடியே மூணு நாள் வேலை இருக்குது. அந்த மூணு நாளைக்குக் கூலி குடுக்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வரமாட்டேங்குது.

எங்க வீட்டம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து குழந்தைப் போர்வை தைக்கிறாங்க. மூணடிக்கு மூணடி. நகரத்துல இருந்து ஒரு கடைக்காரர் வந்து பார்த்தாரு. பிடிச்சுப் போச்சு.

"ஒண்ணு தைக்க எத்தனை நாள் ஆகும்மா?"

"எட்டு நாளுங்க சார். தயார் பண்ண மூணு, தைக்க அஞ்சு."

"தயார் பண்றதுக்கெல்லாம் எப்படிக் கூலி போட முடியும்? அது வீட்டு வேலைக்கு நடுவுல நீங்க பண்றதுதானே? தையலுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்துடறேன்."

மரியாதையாத்தான் சொன்னாரு. அதனாலதான் எனக்கு இன்னும் எரியுது. நடுவுல பண்றதாம்! அந்த மூணு நாள்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

முதல் நாள் துணி பொறுக்குறது. வர்ற பழைய சேலையில பாதிக்கு மேல பாலியஸ்டர். பார்த்தா நூல் மாதிரியே இருக்கும். ஓரத்துல நாலு இழை உருவி நெருப்புல காட்டணும். பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பாலியஸ்டர்னா உருகி, மணி மாதிரி கெட்டியா நிக்கும். அது வேர்வை உறிஞ்சாது, கைக்குழந்தைக்கு ஆகாது, ஒதுக்கியாச்சு. அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை நனைச்சுத் தேய்ச்சுப் பார்க்கணும். ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டாப் போதும், முதல் துவைப்புலயே பக்கத்துல இருக்கிற வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிரும். எல்லாத்தையும் அலசி, வெயில்ல காயவெச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்கணும். முந்தானையும் உள்கட்டும் திடமா இருக்கும். உக்காந்து எந்திரிச்சுத் தேய்ஞ்ச பாகம் வலை மாதிரி தெரியும். அதுல ஊசி குத்தினா கிழிஞ்சுரும். ஆறு கெஜம் சேலையில தேறுறது சில சமயம் ஒண்ணரை கெஜந்தான்.

ரெண்டாம் நாள் வெட்டி மூட்டுறது. ஆறு இஞ்சு சதுரம் வேணும்னா ஆறரை இஞ்சு வெட்டணும், நாலு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குள்ள போயிரும். வரிசைக்கு ஆறு, மொத்தம் முப்பத்தாறு துண்டு. இழை போற திசையிலதான் வெட்டணும். கோணலா வெட்டினா துணி இழுபட்டு, சதுரம் சதுரமாவே நிக்காது. கால் இஞ்சுங்கிறது ரெண்டு நூல் அளவு. ஒவ்வொரு மூட்டுலயும் அரை நூல் கூடப் பிடிச்சுட்டாங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு துண்டுலயும் அரை அரை, மூட்டுக்கு ஒரு நூல் போச்சு. ஒரு வரிசையில அஞ்சு மூட்டு. அஞ்சு நூல், அதாவது அரை இஞ்சுக்கு மேல அந்த வரிசை குட்டை. அப்புறம் அடுத்த வரிசையோட எப்படிச் சேரும்?

மூட்டினதும் இஸ்திரி. சட்டையைத் தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாது. பெட்டியை வெச்சு, அமுக்கி, தூக்கணும். முடிஞ்ச வரைக்கும் மூட்டோட ஓரம் அடர்நிறத் துண்டுப் பக்கம் சாயணும், இல்லேன்னா வெளிர்த்துணிக்கு அடியில நிழல் தட்டும். முதல் வரிசையில ஓரமெல்லாம் வலப்பக்கம் சாய்ஞ்சா அடுத்த வரிசையில இடப்பக்கம் சாயணும். அப்பத்தான் நாலு மூலை கூடுற இடம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். ரெண்டும் ஒரே பக்கம் சாய்ஞ்சா துணி அங்கே குமிஞ்சு கல்லு மாதிரி நிக்கும். மெஷின் தள்ளிட்டுப் போயிரும். கை ஊசி போகாதுங்க, விரல்தான் புண்ணாகும்.

மூணாம் நாள்தான் முக்கியம். மேல்துணியைக் குப்புறப் போட்டு, தொங்குற நூலையெல்லாம் ஒண்ணொண்ணா நறுக்கணும். வெள்ளைத் துண்டுக்கு அடியில ஒரு கறுப்பு நூல் கிடந்தா, மேல நரம்பு மாதிரி தெரியும். தைச்சு மூடின பிறகு அதை எடுக்க வழியே கிடையாது. ஓரத்து மூட்டுக பிரியாம இருக்கச் சுத்தியும் ஒரு தையல். அப்புறம் கோடு போடுறது. தேய்ஞ்சு மெலிஞ்ச சோப்புச் சில்லைக் காயவெச்சுக் கோடு இழுத்தா, துவைக்கும்போது தானாப் போயிரும்.

கடைசியில மூணு அடுக்கு. கீழ்த்துணிக்குப் பழைய நூல் வேட்டி. நெருக்கமா நெஞ்ச பெட்ஷீட்னா கை ஊசி மாட்டிக்கும். அதைத் திண்ணையில சுருக்கமில்லாம விரிச்சு, ஓரத்தை டேப் போட்டு ஒட்டி, அது மேல மெல்லிசான பழஞ்சேலை ரெண்டு மடிப்பு, அதுக்கு மேல மூட்டின துணி. கீழ் ரெண்டும் சுத்தி ரெண்டு இஞ்சு கூட இருக்கணும், தைக்கத் தைக்க உள்ளே இழுத்துக்கும். பிறகு நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பார்த்து, நாலு விரக்கடைக்கு ஒரு வரிசை, பெரிய பெரிய ஓட்டுத்தையல். ஓரத்துல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் நடுவுல வந்து குவிஞ்சுரும். இந்தத் தையல் நிலைக்கப் போறதில்லை. போர்வை முடிஞ்சதும் பிரிச்சு எறிஞ்சிருவாங்க. எறியப் போற தையலைக் குனிஞ்சு குனிஞ்சு தைக்கிறதும் வேலைதானுங்களே?

இதுல எதைக் 'நடுவுல' பண்ண முடியும்?

"பழைய துணிதானே, அதுக்கு என்ன மதிப்பு?"ன்னு சிலர் கேக்கிறாங்க. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களோட வாரிசுக வாழ்ற ஊரு. காட்டு வேலைக்குப் போட்டுக் கிழிஞ்ச துணியில அந்தப் பொம்பளைங்க தைச்ச போர்வைகளை 2002-ல ஹூஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம் சுவத்துல மாட்டி வெச்சுது. 2006-ல அமெரிக்கத் தபால்துறை அதுல தபால்தலையே வெளியிட்டுச்சு. மதிப்பு இருக்குதுங்க. நம்ம பக்கத்து வீட்டு அக்கா கையில இருக்கும்போது மட்டும் அது கண்ணுக்குத் தெரியறதில்லை.

"கர்நாடகாவுல சித்தி இனப் பெண்கள் இத்தனை முன்வேலை இல்லாமத்தானே தைக்கிறாங்க?"ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேக்கலாம். நல்ல கேள்வி. அவங்க மேல்துணியைத் தனியா மூட்டுறதில்லை. ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டு துண்டா விளிம்பை மடிச்சு வெச்சு, நடுவைப் பார்த்துத் தைச்சுட்டே போவாங்க. அங்கயும் பொறுக்குறதும் வெட்டுறதும் மடிக்கிறதும் உண்டு, தையலோட கலந்து நடக்குது. வேலை இடம் மாறியிருக்குது, காணாமப் போகலை.

விவசாயிக்கு இது பழகின கதை. மஞ்சளுக்கு விலை கேக்கிறவங்க கிழங்கைத்தான் பார்க்கிறாங்க. உழுதது, பார் பிடிச்சது, விதைக்கிழங்கு பொறுக்கி நேர்த்தி பண்ணினது எதுவும் தராசுல ஏறாது. வீட்டுப் பொம்பளைங்க பண்ற வேலைன்னா கேக்கவே வேண்டாம், அதுக்கு வேலைங்கிற பேரே கிடையாது.

அந்தக் கடைக்காரர் ஒண்ணை யோசிக்கலை. போர்வையை மூடித் தைச்ச பிறகு உள்ளே இருக்கிற எதையும் யாரும் பார்க்க முடியாது. நூலை நறுக்கினாங்களா, சாயம் பார்த்தாங்களான்னு கடையில வெச்சுச் சொல்லவே முடியாது. மறைஞ்சு போற வேலைக்குக் கூலி இல்லைன்னா, மறைஞ்சு போற வேலைதான் முதல்ல குறையும். அது பொம்பளைங்க செய்யற ஏமாத்து இல்லை, நீங்க குடுக்கிற கூலி சொல்ற கணக்கு. மேல தையல் ஜோராத்தான் இருக்கும். மூணாவது துவைப்புல மூட்டு வாயைப் பொளக்கும்.

அதனால வாங்குறவங்களுக்கு நாலு வார்த்தை. தையலைத் தடவிப் பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. தரையில விரிச்சுப் பாருங்க, மேடு பள்ளம் இல்லாமப் படியுதான்னு. நாலு மூலை கூடுற இடத்தை அமுக்கிப் பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, வெள்ளைக்கு அடியில நூல் ஓடுதான்னு பாருங்க. எல்லாம் சரியா இருந்தா, "தயார் பண்ணின நாளுக்கும் கூலி குடுத்தீங்களா?"ன்னு கடைக்காரரைக் கேளுங்க. அவரு முழிச்சா, போர்வையை மடிச்சு மேசை மேலயே வெச்சுட்டு வந்துருங்க.

எங்க வீட்டுல முடிவாச்சுங்க. எட்டு நாள் வேலைன்னா எட்டு நாள் கூலி. அதுக்குச் சம்மதம்னா துணி வெட்டுவோம். இல்லேன்னா அந்தச் சேலைக தொட்டில் கட்ட ஆகும்.