மரை கழலாமல் இருக்க...

‘மரை கழண்டவன்’ என்று ஒருவரைத் திட்டுவது சுலபம். கழலாத மரை போடுவதுதான் கஷ்டம். தாம்பரம் பக்கம் திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில், சி.என்.சி. லேத் முன் புதிதாக வந்து நிற்கும் ஐ.டி.ஐ. பையன்களைக் கேட்டால் தெரியும்.

சாதாரண டர்னிங் டூலை ஜாப்பின் முகத்தில் தொட்டு ‘இசட்’ ஜீரோ, அதாவது நீளவாக்கு அளவு, எடுத்துவிடலாம். மரை டூலின் முனை இன்சர்ட்டின் ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கும். அப்படித் தொட வராது. முனையை ஜாப்பின் விளிம்புக்கு நேராகக் கண்ணால் பார்த்து வைப்பார்கள். கால் மில்லி முன்பின் இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை.

விட்டத்தைச் சொல்லும் ‘எக்ஸ்’ அளவில் அந்தச் சலுகை கிடையாது. எம்20, 1.5 பிட்ச் போல்ட்டுக்கு வழக்கமான 6ஜி தரத்தில் பிட்ச் விட்டம் 0.14 மி.மீ.க்குள்தான் கூடிக் குறையலாம். அனுபவஸ்தர்கள் முதல் ஜாப்புக்கு ஆஃப்செட்டில் 0.2 கூட்டிவைத்து, கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார்கள். ‘கோ’ ரிங் கேஜ் ஏறாது. 0.05 குறைத்து மறுபடி ஓட்டு, ஏறும்வரை இப்படியே. அவசரப்பட்டு ஒரேயடியாகக் குறைத்து, ‘நோ கோ’வும் சரசரவென்று ஏறிவிட்டதா? ஜாப் ஸ்கிராப்தான்.

அதுவரை சக்கிலிருந்து ஜாப்பைக் கழற்றக் கூடாது, ஸ்பிண்டில் வேகத்தையும் மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய பள்ளத்தில் புது வெட்டு விழாது. கழற்றிய ஜாப்பில் மரையைத் திருத்த வேண்டுமானால், கண்ணால் பார்த்துவைத்த அந்த ‘இசட்’ போதாது. லென்ஸ் வைத்து, முனையைப் பள்ளத்தின் நடுவே உட்கார வைத்த பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும்.