கயிற்றை இழுக்கும் உரிமை

ஆசிரியர்களுக்கு ஊக்கம் போதவில்லை என முடிவுகட்டி, ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருவரை அழைத்துவருவது நம் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் சடங்காகிவிட்டது. (எப்போது கைதட்ட வேண்டும் என்பதையும் அவரே சொல்லித்தருகிறார்!) நோயை நாடாமல் மருந்தை மட்டும் ஊட்டும் இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, குடி, ஓயாத பூசல் எனப் பெயர்கெட்ட ஆலை அது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டாக அது மீண்டும் இயங்கத் தொடங்கியபோது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. நடத்துவோர்தாம் மாறினர். முன்பு, ஓடும் உற்பத்தித் தொடரை நிறுத்துவது பெருங்குற்றம். பிழையுள்ள வண்டியும் நகர்ந்தே ஆகவேண்டும். இப்போதோ, பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் விரைந்து வந்து உதவுவார். தீராவிடில் தொடரே நிற்கும். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்ததும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் அவ்வாலைக் கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றை நெருங்கியது. வேலைக்கு வராதோர் தொகையும் வெகுவாகச் சுருங்கியது.

நம் துறைக் கூட்டங்களில், பாடத்திட்டத்தில் பிழையிருக்கிறது என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொன்னால் முதலில் ஆராயப்படுவது பிழையன்று, அவருடைய பணிமூப்பு. அடுத்த பேச்சாளருக்கு நாள் குறிக்கும் முதல்வர்கள், தம் அறைக்கு வந்து "இது தவறு, ஐயா" என்று இவ்வாண்டு சொன்னவர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கட்டும்.