சேலைன் துளியும் ஓர் அமானிதம்



டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு 2017இல் இந்திய உதவியுடன் புதுக் கட்டடம் கிடைத்தது. ஹட்டன் கடைத்தெருவிலிருந்தும் தோட்டத்து லயங்களிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறோம். எந்த வார்டிலும், சேலைன் சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று அந்தச் சிறு சக்கரத்தைத் திருகிவிடும் உம்மாமார் உண்டு. வேண்டாம் தாய்மாரே! 500 மில்லிலீற்றரை 4 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் என்றால், தாதி 10,000 துளியை 240 நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு 42 என்று வைத்திருப்பார். வேகம் கூடினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். பிஞ்சுகளுக்கும் இருதய நோயாளருக்கும் ஆபத்து அதிகம். துளி நின்றாலோ கை வீங்கினாலோ தாதியைக் கூப்பிடுங்கள்.

வீட்டிலும் இதே கணக்குத்தான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் பாணி கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தியர் சொன்னால், 8 கிலோ பிள்ளைக்கு 120. போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 என்றிருந்தால் 5 மில்லிலீற்றர்; 250 என்றிருந்தால் 2.4 மட்டுமே! பழைய போத்தலின் அளவைப் புதியதற்கும் ஊற்றினால் இருமடங்காகிவிடும்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.