டெங்கி ஒருமுறை வந்தாச்சு... இனி வராதா?

"எனக்குத்தான் ஏற்கனவே டெங்கி வந்துபோச்சே, இனி என்ன பயம்?" அப்படின்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

கிருமி எப்படி இருக்கும்?

மிக மிகச் சிறியது. 1 மில்லிமீட்டரில் சுமார் 20,000 டெங்கிக் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே மரபுத் தகவல் கொண்ட ஆர்என்ஏ. அதைச் சுற்றிப் புரதமும் கொழுப்புப் படலமும். அவ்வளவுதான்!

எப்படிப் பெருகுகிறது?

தனியாகப் பெருக அதனால் முடியாது. ஏடிஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் வரும் கிருமி, நம் உயிரணுவில் நுழைந்து ஆர்என்ஏவை வெளியே விடும். அதைப் படித்து, கிருமிக்கு வேண்டிய புரதங்களை நம் உயிரணுவே செய்துகொடுக்கும். புதிய கிருமிகள் வெளியேறி அடுத்த உயிரணுக்களைத் தாக்கும். பாக்டீரியாவின் உறுப்புகளைக் குறிவைக்கும் ஆண்டிபயாட்டிக் மருந்து இதனிடம் பலிக்காததற்கு அதுவே காரணம்.

மறுபடியும் ஏன் வருகிறது?

டெங்கியில் 4 வகை. நான்குமே சிங்கப்பூரில் உண்டு. ஒன்று வந்து குணமானால் அந்த வகையிலிருந்து மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை தொற்றினால் பழைய எதிர்ப்புப் பொருள்கள் அதன்மீது ஒட்டிக்கொள்ளும். ஆனால் முடக்காமல் போகலாம். நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் கிருமி நுழைய அவையே வழிவிடுவதும் உண்டு. அதனால் 2ஆம் முறை நோய் கடுமையாகும் அபாயம் அதிகம்.

எப்போது கவனம் தேவை?

காய்ச்சல் குறையும் நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.